சாயம் போகாத சித்திரம்: சோழமண்டலக் கரையின் கலம்காரித் துணி வரலாறு

முன்னுரை

இந்தியாவின் மரபுக் கைவினைகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அவற்றின் அழகையே முதலில் சொல்கிறோம். சிற்பத்தின் நெளிவு, ஓவியத்தின் கோடு, துணியின் பூவேலை ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. ஆனால் ஒரு கைவினை பல நூறு ஆண்டுகள் நிலைத்து நிற்பதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அது அந்தக் கைவினைஞர் தம் பொருளைப் பற்றி அறிந்து வைத்திருக்கும் அறிவு.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கலம்காரி எனப்படும் சித்திரத் துணி. தென்னிந்தியாவின் கிழக்குக் கரையில், கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளின் கழிமுகம் முதல் காவிரிக் கரை வரை, பருத்தித் துணியில் எழுதப்பட்ட பூக்களும் மரங்களும் பறவைகளும் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் உலகச் சந்தையையே அசைத்தன. இரண்டு பெரிய ஐரோப்பிய நாடுகள் சட்டம் போட்டு அத்துணியைத் தடுத்தன. அத்துணியின் பெருமை சித்திரத்தில் மட்டும் இருக்கவில்லை. துவைத்தாலும் வெயிலில் உலர்த்தினாலும் மங்காத அதன் நிறத்தில் இருந்தது. அந்த நிறம் எவ்வாறு உருவானது, அந்த அறிவு எங்கெல்லாம் சென்றது, இன்று அதில் எவ்வளவு நம்மிடம் எஞ்சியுள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் இரு மரபுகளும்

கலம்காரி என்பது பாரசீக மொழியிலிருந்து வந்த சொல். 'கலம்' என்றால் எழுதுகோல். 'காரி' என்றால் வேலை. எழுதுகோலால் செய்யும் வேலை என்பது இதன் பொருள். கோல்கொண்டாவைத் தலைநகராகக் கொண்ட குதுப்ஷாகி சுல்தான்களின் காலத்தில் பாரசீகத் தொடர்பு வலுவாக இருந்ததால் இச்சொல் நிலைபெற்றது. போர்ச்சுக்கீசியர் இத்துணியைப் 'பிந்தாதோ' என்றனர். ஆங்கிலேயர் 'சின்ட்ஸ்' என்றனர். புள்ளியிட்டது எனப் பொருள்படும் இந்தியச் சொல்லிலிருந்து பிறந்தது அது.

இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இரண்டு மரபுகள் முதன்மையாக உள்ளன. ஸ்ரீகாளஹஸ்தியில் முழுச் சித்திரமும் எழுதுகோலால் எழுதப்படுகிறது. இராமாயணம், மகாபாரதம், புராணக் கதைகள் கட்டம் கட்டமாகத் தீட்டப்பட்டு, கட்டங்களின் ஓரத்தில் தெலுங்கு எழுத்தில் கதைக் குறிப்பும் சேர்க்கப்படுவது உண்டு. இவை கோயில் திரைச்சீலைகளாகவும் தேர்த் துணிகளாகவும் பயன்பட்டன. மசூலிப்பட்டினத்தில், குறிப்பாக அதன் அருகிலுள்ள பெடனாவில், செதுக்கிய மர அச்சுகளைக் கொண்டு பூவேலை செய்யப்படுகிறது. பாரசீகச் சாயல் கொண்ட கொடிகளும் மலர்களும் இங்கு மிகுதி. ஒன்று கோயிலை நோக்கியும் மற்றொன்று சந்தையை நோக்கியும் வளர்ந்தன. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படையான சாய முறை ஒன்றே.

நிறம் துணியில் நிற்பது எவ்வாறு?

பருத்தி நூல் சாயத்தை எளிதில் ஏற்காது. கம்பளியும் பட்டும் ஏற்பது போல் அது ஏற்பதில்லை. சிவப்புச் சாயத்தில் பருத்தியை அப்படியே முக்கி எடுத்தால், முதல் துவைப்பிலேயே நிறம் வெளியேறிவிடும். இந்தச் சிக்கலுக்கு இந்தியச் சாயக்காரர்கள் கண்ட தீர்வுதான் கலம்காரியின் உயிர்நாடி.

முதலில் துணியைச் சாணம் கலந்த நீரில் ஊறவைத்து, ஆற்றில் அலசி, வெயிலில் உலர்த்தி வெளுக்கிறார்கள். பின்னர் கடுக்காய்ப் பொடியும் எருமைப் பாலும் கலந்த கரைசலில் தோய்த்து உலர்த்துகிறார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் நூலில் ஏறிக்கொள்கிறது. பாலின் கொழுப்பு, எழுதும் திரவம் துணியில் பரவிக் கசியாமல் தடுக்கிறது.

அடுத்து வருவது கறுப்பு. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லம் கலந்த நீரில் பல நாட்கள் புளிக்க வைத்து ஒரு திரவம் எடுக்கப்படுகிறது. மூங்கில் குச்சியின் ஒரு முனையைக் கூராக்கி, அதற்குச் சற்று மேலே கம்பளி அல்லது துணியைச் சுற்றி நூலால் கட்டினால் எழுதுகோல் தயார். சுற்றிய துணி திரவத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் மெல்ல அழுத்தினால் திரவம் கூர்முனைக்கு இறங்கும். இரும்புத் திரவம் கடுக்காய் ஏறிய துணியில் பட்டவுடன் கறுக்கிறது.

சிவப்பு இவ்வாறு உடனே தோன்றுவதில்லை. சிவக்க வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசல்தான் எழுதப்படுகிறது. படிகாரத்துக்கு நிறமில்லை. எழுதிய இடம் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் சிறிது வண்ணம் சேர்ப்பது வழக்கம். பின்னர் துணியை ஓடும் நீரில் அலசி, சாயவேர் இட்ட நீரில் கொதிக்க வைக்கிறார்கள். படிகாரம் பட்ட இடங்களில் வேரின் சாயம் நூலோடு பிணைந்து நிலைத்த சிவப்பாகிறது. படிகாரம் படாத இடங்களில் படிந்த நிறம் நிலைப்பதில்லை. சாணநீரில் ஊறவைத்து ஆற்று மணலில் விரித்து நீர் தெளித்து வெயிலில் காயவிட்டால் அது மறைந்து, வெண்மை திரும்புகிறது.

இவ்வாறு நூலுக்கும் சாயத்துக்கும் இடையே பாலமாக நிற்கும் பொருளை நிறமூன்றி என்கிறோம். இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. ஒரே வேர்ச்சாயம் படிகாரத்தோடு சேர்ந்தால் சிவப்பும், இரும்போடு சேர்ந்தால் ஊதாவும், இரண்டும் கலந்தால் பழுப்பும் தரும். எனவே சித்திரக்காரர் எழுதும்போது அவர் கண்ணுக்கு முன்னே இறுதி நிறங்கள் இல்லை. கொதிநீரிலிருந்து துணி வெளிவந்த பிறகு எந்தக் கோடு எந்த நிறமாக மாறும் என்பதை அவர் முன்கூட்டியே மனத்தில் கண்டாக வேண்டும்.

நீலத்துக்கு முறையே வேறு. நீலம் வேண்டாத பகுதிகள் அனைத்தையும் மெழுகால் மூடி, துணியை அவுரித் தொட்டியில் தோய்ப்பது பழைய வழக்கம். மஞ்சள் கடைசியாகத் தாவரச் சாறுகளால் தீட்டப்படும். நீலத்தின் மீது மஞ்சள் விழுந்தால் பச்சை கிடைக்கும். மஞ்சள் மற்ற நிறங்களைப் போல் உறுதியானதல்ல. அதனால்தான் அருங்காட்சியகங்களில் உள்ள பழைய துணிகளில் பல இலைகள் இன்று நீலமாகத் தெரிகின்றன.

சாயவேர்

சோழமண்டலக் கரையின் சிவப்புக்குத் தனிப்பெயர் பெற்றுத் தந்தது சாயவேர் எனும் சிறு செடி. இதற்கு இம்பூறல் என்ற பெயரும் உண்டு. மெல்லிய, நீண்ட வேரைக் கொண்ட இச்செடி கடலோர மணற்பாங்கான நிலங்களில் வளர்வது. சுண்ணாம்புச் சத்து சிவப்பு நிறம் ஒளிபெற உதவும் என்பதால், கிளிஞ்சல் கலந்த மணலில் வளர்ந்த வேருக்கு மதிப்பு அதிகம். கிருஷ்ணா கழிமுகப் பகுதியின் வேர் மிகவும் புகழ் பெற்றிருந்தது. இலங்கையின் மன்னாரிலும் யாழ்ப்பாணப் பகுதியிலும் சாயவேர் தோண்டப்பட்டது. அதன் வருவாய் கருதி டச்சு ஆட்சியாளர்கள் அத்தொழிலைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தனர். துணியின் புகழில் நெசவாளர், சித்திரக்காரர், சாயக்காரர், வண்ணார் ஆகியோருடன் வெயிலில் மணலைத் தோண்டி வேர் எடுத்தவர்களுக்கும் பங்குண்டு.

தொன்மைச் சான்றுகள்

இந்தச் சாய அறிவு மிகப் பழமையானது. மொகஞ்சதாரோ அகழாய்வில் வெள்ளிக் கலம் ஒன்றோடு ஒட்டியிருந்த பருத்தித் துணித் துணுக்கு கிடைத்தது. அது மஞ்சிட்டி வகைச் சிவப்புச் சாயம் ஏற்றப்பட்டது என ஆய்வில் தெரிந்தது. பருத்தியில் அச்சாயம் நிற்க வேண்டுமானால் நிறமூன்றி தேவை. ஆகவே 4000 ஆண்டுகளுக்கு முன்பே அந்நுட்பம் இந்தியத் துணைக்கண்டத்தில் அறியப்பட்டிருந்தது எனக் கொள்ளலாம்.

எகிப்தில் பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் இடைக்கால இந்தியத் துணிகளின் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை குஜராத்தைச் சேர்ந்தவை. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் குடும்பச் சொத்தாகப் போற்றி வைக்கப்பட்ட இந்தியத் துணிகள் சில, கரிமக் காலக்கணிப்பில் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை எனத் தெரிய வந்தன. ஐரோப்பியர் இந்தியக் கரைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே மேற்கேயும் கிழக்கேயும் இந்தியச் சாயத் துணி பரவியிருந்ததை இவை காட்டுகின்றன.

கடல் வணிகத்தில் சித்திரத் துணி

ஐரோப்பிய வணிகர்கள் ஆசியாவுக்கு வந்தது மிளகு, கிராம்பு, சாதிக்காய் போன்ற வாசனைப் பொருள்களுக்காக. ஆனால் அவை விளைந்த தென்கிழக்காசியத் தீவுகளில் மக்கள் விரும்பிப் பெற்றது இந்தியத் துணியை. துணி இல்லாமல் மிளகு இல்லை என்ற நிலை உருவானது. எனவே துணி கிடைக்கும் சோழமண்டலக் கரையில் நிறுவனங்கள் போட்டியிட்டுக் கால் பதித்தன. டச்சுக்காரர் 1605இல் மசூலிப்பட்டினத்திலும் 1610இல் பழவேற்காட்டிலும் வணிக நிலையம் அமைத்தனர். ஆங்கிலேயர் 1611இல் மசூலிப்பட்டினத்துக்கு வந்தனர். 1639இல் சென்னையைத் தேர்ந்தெடுத்ததற்கும் அப்பகுதியில் துணி மலிவாகக் கிடைத்தது ஒரு முக்கியக் காரணம். 1734இல் சென்னையில் உருவாக்கப்பட்ட சிந்தாதிரிப்பேட்டை, நூற்பவர், நெய்பவர், துணியில் சித்திரம் எழுதுபவர் முதலியோரைக் குடியமர்த்துவதற்காக எழுந்த குடியிருப்பே ஆகும்.

ஒவ்வொரு சந்தைக்கும் ஒவ்வொரு வகைத் துணி தயாரானது. சயாம் நாட்டுக்கு அந்நாட்டு உருவங்கள் கொண்ட துணிகள் எழுதப்பட்டன. ஜப்பானில் இந்தியச் சித்திரத் துணி 'சரசா' என்ற பெயரில் போற்றப்பட்டது. ஐரோப்பாவுக்குப் 'பாலம்போர்' எனப்பட்ட பெரிய கட்டில் விரிப்புகள் சென்றன. வளைந்து நெளிந்த அடிமரத்தில் இயற்கையில் காண முடியாத மலர்கள் பூத்துக் குலுங்கும் மரமே அவற்றின் முதன்மைச் சித்திரம். அம்மரத்தில் இந்திய, பாரசீக, சீன, ஐரோப்பிய வடிவங்கள் கலந்திருந்தன. 1643இல் ஆங்கிலக் கிழக்கிந்திய நிறுவனத்தின் லண்டன் இயக்குநர்கள், சிவப்புத் தளத்தைக் குறைத்து வெண்தளத்தில் பூக்கள் அமையுமாறு துணிகளை அனுப்பக் கேட்டு இந்தியாவுக்குக் கடிதம் எழுதினார்கள். வாங்குவோர் சுவைக்கேற்ப வடிவத்தை மாற்றும் திறன் நம் சித்திரக்காரர்களிடம் இருந்தது.

ஆனால் அந்த வேலை எளிதன்று. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையைப் பற்றி நூல் எழுதிய டச்சு நிறுவன ஊழியர் டேனியல் ஹாவர்ட், துணியில் சித்திரம் எழுதும் வேகத்தை நத்தையின் நடையோடு ஒப்பிட்டார். கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள பாலகொல்லுவின் சித்திரக்காரர்களைப் பொறுமையின் உருவமாகவே அவர் கண்டார்.

துணிக்கு எதிரான சட்டங்கள்

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் இந்தியத் துணி மோகம் உச்சத்தை எட்டியது. இலேசான, துவைக்கக்கூடிய, நிறம் மங்காத துணி அங்கே புதுமை. செல்வர் வீட்டுத் திரைச்சீலை முதல் வேலைக்காரப் பெண்ணின் ஆடை வரை அது பரவியது. கம்பளி, பட்டு நெசவாளர்கள் தம் பிழைப்புப் போகிறது என்று எதிர்ப்புக் குரல் எழுப்பினர்.

பிரான்ஸ் 1686இல் சித்திரத் துணியின் இறக்குமதியை மட்டுமன்றி, அதை உள்நாட்டில் போலச் செய்வதையும் தடை செய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700இல் நிறைவேற்றிய சட்டம், சாயமிட்ட ஆசியப் பருத்தித் துணிகளை நாட்டுக்குள் பயன்படுத்துவதற்காக இறக்குமதி செய்வதைத் தடுத்தது. மறு ஏற்றுமதிக்கு மட்டும் அனுமதி இருந்தது. 1719இல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள், பருத்திச் சித்திர ஆடை அணிந்த பெண்களைத் தெருவில் மறித்துத் தாக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. 1721ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய துணியை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையுமே குற்றமாக்கியது.

இச்சட்டங்கள் இந்தியத் துணியின் தரத்துக்குத் தரப்பட்ட சான்றிதழ் போன்றவை. விலையிலும் தரத்திலும் போட்டியிட முடியாததால்தான் சட்டத்தின் துணை தேவைப்பட்டது. அதேசமயம் இத்தடைகள் ஐரோப்பிய அச்சுத் தொழிலுக்கு மூச்சுவிட நேரம் தந்தன. இங்கிலாந்தில் வெறும் துணியை இறக்குமதி செய்து, அங்கேயே அச்சிட்டு, வெளிநாடுகளுக்கு விற்க வழி இருந்தது. மக்களின் ஆசை குறையவில்லை. அந்த ஆசையை நிறைவு செய்யும் தொழில்நுட்பம் மட்டுமே குறையாக இருந்தது.

எழுதிச் செல்லப்பட்ட அறிவு

துணியின் சித்திரத்தைப் பார்த்துப் படியெடுக்கலாம்; நிறம் நிற்கும் வித்தையைப் பார்த்து அறிய முடியாது. அதற்குச் சாயக்காரர்களிடமே செல்ல வேண்டும். அவ்வாறு சென்றவர்களில் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள்.

1734ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி போலியூ, பாரிஸ் வேதியியலாளர் துஃபேயின் வேண்டுகோளின்படி புதுச்சேரியில் இம்முறையைப் படிப்படியாகக் கவனித்துக் குறிப்பெடுத்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டார். அந்தத் துண்டுகளோடு கூடிய கையெழுத்துப் படி பாரிஸில் இன்றும் உள்ளது. 1742இல் ஏசு சபைப் பாதிரியார் கேர்து, கிறித்தவத்துக்கு மாறிய சாயத் தொழிலாளர்களைத் தனித்தனியே விசாரித்துப் பெற்ற விவரங்களை விரிவான கடிதமாக எழுதி அனுப்பினார். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவைச் சுட்டிக்காட்டிய ஆரம்பகால அறிஞர்களில் ஒருவராக அறியப்படுபவரும் இவரே. பின்னர் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் சாயவேரைப் படத்துடன் விளக்கினார். அது 1795இல் வெளிவந்தது.

ஐரோப்பியச் சாய அறிவு முழுவதும் இந்தக் குறிப்புகளிலிருந்தே பிறந்தது எனக் கூறுவது பொருந்தாது. 1670களிலேயே ஆர்மீனியக் கைவினைஞர்கள் மூலம் மார்செய் நகருக்கு அச்சு முறைகள் வந்துவிட்டன. மஞ்சிட்டியையும் படிகாரத்தையும் ஐரோப்பியச் சாயக்காரர்களும் அறிந்திருந்தனர். ஆயினும் பருத்தியில் பல நிறங்களை ஒருங்கே நிலைநிறுத்தும் முறைக்கு இந்தியாவே பள்ளிக்கூடமாக இருந்தது என்பதை இக்குறிப்புகள் ஐயமின்றிக் காட்டுகின்றன. கேட்டு எழுதியவர்களின் பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. சொல்லித் தந்த சாயக்காரர்களோ வரலாற்று நூல்களில் பெயரற்றவர்களாகவே இருக்கிறார்கள்.

எந்திரமும் செயற்கைச் சாயமும்

1760இல் ஓபர்காம்ப், பாரிசுக்கு அருகே ஜூய் என்னும் ஊரில் தம் புகழ்பெற்ற அச்சுத்துணி ஆலையைத் தொடங்கினார். இங்கிலாந்தில் 1774இல் உள்நாட்டுப் பருத்தித் துணிக்கு இருந்த தடை நீங்கியது. 1783இல் தாமஸ் பெல் செதுக்கிய உருளைகளால் துணியில் அச்சிடும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பல வாரம் கையால் எழுதிய வேலையை எந்திரம் மிகக் குறைந்த நேரத்தில் செய்யத் தொடங்கியதும், சோழமண்டலத் துணி முதலில் ஐரோப்பியச் சந்தையையும் பிறகு ஆசியச் சந்தைகளையும் இழந்தது. இறுதியில் இந்தியக் கடைகளுக்கே ஆங்கில அச்சுத் துணி வந்து சேர்ந்தது.

அடுத்த அடி வேதியியலிலிருந்து வந்தது. மஞ்சிட்டிக்கும் சாயவேருக்கும் சிவப்பைத் தருவது அலிசரின் என்னும் பொருள். 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மனும் அதைச் செயற்கையாகத் தயாரித்தனர். அதன் பிறகு ஆலையில் செய்த அலிசரின் மலிவாக வந்து குவிந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் சாயவேர் தோண்டும் தொழில் நலிந்தது. 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபோது அவுரிக்கும் அதே கதி நேர்ந்தது.

தமிழ்நாட்டுக் கிளை: கருப்பூரும் சிக்கல்நாயக்கன்பேட்டையும்

இதே மரபின் தமிழகக் கிளை தஞ்சை மராட்டிய அரசர்களின் ஆதரவில் செழித்தது. இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையை அடுத்துள்ள கோடாலிக் கருப்பூரில் அரச குடும்பத்துக்கான புடவைகளும் தலைப்பாகைத் துணிகளும் தயாராயின. மெல்லிய பருத்தியில் சரிகை கோத்து நெய்து, அதன்மேல் மெழுகு காத்தும் எழுதுகோலால் எழுதியும் சாயம் ஏற்றினார்கள். ஆழ்ந்த சிவப்பின் நடுவே சரிகைப் பூக்கள் மின்னுவது கருப்பூர்ப் புடவையின் தனி அடையாளம். 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்ததும் தஞ்சை அரசு முடிவுக்கு வந்தது; புடவைக்கு ஆதரவும் அற்றுப்போனது. இன்று அப்புடவைகளை அருங்காட்சியகங்களில்தான் காண முடியும்.

ஆனால் கோயில் சார்ந்த வேலை முற்றிலும் நின்றுவிடவில்லை. கருப்பூரிலும் தஞ்சாவூர் மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் தேருக்கும் மண்டபத்துக்கும் உரிய தொம்பை, தோரணம், மேற்கட்டி முதலிய சித்திரத் துணிகள் தொடர்ந்து எழுதப்பட்டு வந்தன. அரசவை மறைந்தாலும் திருவிழா மறையாததால் கை வேலை காக்கப்பட்டது. 2021இல் கருப்பூர்க் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மீட்பு முயற்சிகள்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்ரீகாளஹஸ்தியில் இக்கலையை அறிந்தோர் மிகச் சிலரே இருந்தனர். விடுதலைக்குப் பின் கைவினைகளின் மீட்சிக்குப் பெரும்பங்காற்றிய கமலாதேவி சட்டோபாத்யாய், 1952இல் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியத்தின் வழியே இதற்கு உயிரூட்டினார். 1950களில் ஸ்ரீகாளஹஸ்தியில் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் சென்ற அறிவு வகுப்பறைக்கு வந்தது. இம்மரபின் மூத்த கலைஞர் ஜொன்னலகட்டா குரப்பச் செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இன்று ஸ்ரீகாளஹஸ்தியில் ஏராளமான பெண்கள் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளனர். ஸ்ரீகாளஹஸ்தி, மசூலிப்பட்டினம் ஆகிய இரு வகைகளுக்கும் புவிசார் குறியீடு உண்டு.

இன்றைய சிக்கல்கள்

இன்று கடைகளில் 'கலம்காரி' என்ற பெயரில் விற்கும் துணிகளில் பெரும்பகுதி எந்திரத்தில் அச்சான துணியே. மரபு வடிவத்தைப் படம் பிடித்து ஆலையில் அச்சிட்டால் அது கலம்காரி ஆகாது. கையால் எழுதிய கோட்டில் சற்றுத் தடிப்பும் மெலிவும் இருக்கும். ஒரு பூ மற்றொரு பூவைப் போல அப்படியே இருக்காது. அச்சுத் துணியில் எல்லாப் பூக்களும் மாறாமல் ஒன்றுபோலவே அமையும். இந்த வேறுபாட்டை வாங்குபவர் அறியாதபோது, பல நாள் உழைத்தவரின் கூலி ஆலைத் துணியின் விலையோடு ஒப்பிடப்பட்டுக் குறைகிறது.

இரண்டாவது சிக்கல் தண்ணீர். இம்முறையில் துணியை மீண்டும் மீண்டும் ஓடும் நீரில் அலச வேண்டும். தேங்கிய நீரில் அலசினால், கரைந்த நிறமூன்றி வேண்டாத இடத்தில் ஒட்டிக் கறையாகிவிடும். ஸ்ரீகாளஹஸ்தியின் சுவர்ணமுகி ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு அன்று. எனவே இக்கலையைக் காப்பது என்பது ஆற்றைக் காப்பதோடும் சேர்ந்தது.

மூன்றாவது சிக்கல் நுட்பமானது. பெடனா போன்ற இடங்களில் சாயவேருக்குப் பதிலாக ஆலை அலிசரினைப் பயன்படுத்துவோர் உள்ளனர். அதனால் அவர்கள் வேலை போலி என்று சொல்லிவிட முடியாது. சிவப்பைத் தரும் பொருள் இரண்டிலும் ஒன்றே. அது துணியில் நிற்பதற்கு இன்றும் கடுக்காயும் படிகாரமும் தேவை. அதாவது நிறமூன்றி பற்றிய அறிவு அங்கே இன்னும் உயிருடன் உள்ளது. மறைந்தது வேரும், வேரைத் தோண்டியவர்களின் வாழ்வும். நேர் எண்ணெய்ச் சாயத்தைத் தூரிகையால் தீட்டிவிட்டுக் கலம்காரி என அழைக்கும்போதுதான் மரபின் அடித்தளமே போய்விடுகிறது.

முடிவுரை

கலம்காரியின் வரலாறு நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. வாங்குவோர் விருப்பத்துக்கேற்பச் சித்திரம் பலமுறை மாறியது. சிவப்புத் தளம் வெண்தளமானது. புராணக் காட்சி பூமரமானது. அதனால் கலை அழியவில்லை. அதைத் தாங்கி நின்ற சாய அறிவுக்கு மதிப்பும் கூலியும் குறைந்தபோதுதான் கலை தளர்ந்தது. எனவே இந்திய மரபுக் கைவினைகளைக் காப்பது என்றால், அழகிய மாதிரிகளை அருங்காட்சியகத்தில் வைப்பது மட்டும் போதாது. செய்முறையை அறிந்தவரிடமிருந்து நேரில் கற்றுக்கொள்ள இளைஞர்கள் வர வேண்டும். அவர்கள் அதைக் கொண்டு வாழ முடிய வேண்டும். சாயவேர் இன்றும் நம் கடற்கரை மணலில் வளர்கிறது. படிகாரமும் கடுக்காயும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கின்றன. பொருள்கள் எங்கும் போய்விடவில்லை. அவற்றைச் சேர்த்து நிறமாக்கத் தெரிந்த கைகள் நிலைக்குமா என்பதே இன்றைய கேள்வி.